எப்படிக் கூப்பிடணும்?

கலைக் கல்லூரிகளில் தமிழாசிரியருக்கு வாய்க்கிற ஒன்று உண்டு. இயற்பியல் ஆசிரியர் இயற்பியல் மாணவர்களைத்தான் பார்ப்பார். வணிகவியல்காரருக்கு வணிகவியல் வகுப்பு. பகுதி ஒன்று தமிழ் அப்படியல்ல. தமிழை எடுத்த பிள்ளை எந்தத் துறையில் சேர்ந்திருந்தாலும் முதலாண்டில் தமிழ் வகுப்புக்கு வந்து உட்கார்ந்தாக வேண்டும். அறுபது, எழுபது பேர் நெருக்கியடித்த வகுப்பு. அங்கே முதல் மணியில் முதல் வேலை, வருகைப் பதிவேட்டைத் திறந்து பெயர் கூப்பிடுவது.

மல்லாங்கிணற்றில் பிறந்து வளர்ந்த அந்தத் தமிழாசிரியை மதுரைக்குப் பக்கத்துக் கல்லூரி ஒன்றில் பல ஆண்டுகளாக இதைச் செய்துவருகிறார். பெயர் கூப்பிடுவதை எழுத்தர் வேலையாக நினைக்கும் ஆசிரியர்கள் உண்டு. அவர் அப்படி நினைப்பதில்லை. கல்லூரி ஒரு பிள்ளையை முதன்முதலாக அழைப்பது அந்த நேரத்தில்தான். அந்த அழைப்பு தப்பிப்போனால் அதன்பிறகு நடத்துகிற சங்கப்பாட்டு அந்தப் பிள்ளையின் காதில் ஏறாது என்பது அவர் கட்சி.

சில ஆண்டுகளுக்கு முன் பாலினச் சமத்துவம் பற்றிய ஒருநாள் பயிலரங்கு கல்லூரியில் நடந்தது. நகரத்திலிருந்து வந்திருந்த பயிற்சியாளர் மாணவர்களை வட்டமாக உட்காரவைத்து, ஒவ்வொருவரும் தங்கள் பெயரையும் தங்களுக்குரிய சுட்டுப்பெயரையும் சொல்லச் சொன்னார். வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களில் இது பழகிப்போன முறை. அமெரிக்காவில் வெர்மான்ட் பல்கலைக்கழகம் 2009-லேயே, மாணவர் தாம் விரும்பும் பெயரையும் சுட்டுப்பெயரையும் பதிவேட்டில் ஏற்றிக்கொள்ள வழிசெய்தது. 2015-ல் ஹார்வர்டும் அதைச் செய்தது. இன்று அங்கெல்லாம் பேராசிரியர்கள் மின்னஞ்சலில் பெயருக்குக் கீழே ‘ஷீ, ஹெர்’ என்றோ ‘தே, தெம்’ என்றோ போட்டுக்கொள்கிறார்கள். நம் பிள்ளைகளில் சிலர் இன்ஸ்டாகிராமிலும் போட்டிருக்கிறார்கள்.

வட்டம் சுற்றி வந்தது. ஆங்கிலவழியில் படித்தவர்கள் சட்டென்று சொன்னார்கள். தமிழ்வழியில் படித்துவிட்டு வந்தவர்கள் பக்கத்தில் இருப்பவரைப் பார்த்து அப்படியே சொன்னார்கள். வகுப்பில் கடைசி வரிசையில் உட்காரும் பிள்ளை ஒன்று தன் முறை வந்ததும் பெயரை மட்டும் சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டது. ஆசிரியை கவனித்தது அந்த இடைவெளியைத்தான். எழுபது பேர் பார்க்க அந்தக் கேள்வியைக் கேட்டால், பதில் தெரிந்த பிள்ளைக்கு இரண்டே வழிகள்: பொய் சொல்லலாம், அல்லது வீட்டில்கூடச் சொல்லாததை ஊரறியச் சொல்லலாம். பயிற்சியாளர் நல்ல மனதோடு வந்தவர். கேள்வியும் நல்ல கேள்விதான். கேட்ட இடம்தான் சரியில்லை.

அன்றிலிருந்து அவர் இந்த விஷயத்தைத் தமிழுக்குள் வைத்து யோசிக்கத் தொடங்கினார். ஆங்கிலத்தில் ஒருவரைப் பற்றி மற்றவரிடம் பேசும்போதுதான் ‘ஹீ’யா ‘ஷீ’யா என்ற சிக்கல் வரும். தமிழில் ‘நான்’ என்பதற்கும் ‘நீ’, ‘நீங்கள்’ என்பவற்றுக்கும் ஆண், பெண் வேறுபாடு இல்லை. படர்க்கையில் அவன், அவள் என்று பிரிந்தாலும் ‘அவர்’ இருவருக்கும் பொது. ஆனால் ‘அவர்’ இல்லாத இடத்தில் வினை காட்டிக்கொடுத்துவிடும். வந்தான், வந்தாள் என்று முடிவதற்குள் பால் தெரிந்துவிடுகிறது. அதைவிடப் பெரிது, நேரில் அழைக்கும்போது ஒட்டிக்கொண்டு வருபவை: டா, டி, தம்பி, பாப்பா, ஏம்ப்பா, ஏம்மா. தமிழ்நாட்டு வகுப்பறையில் பிள்ளைக்குக் காயம்படுவது பெரும்பாலும் முகத்துக்கு நேரே, அழைப்பிலேயே. வெளிநாட்டுப் படிவத்தை அப்படியே பெயர்த்தெடுத்து வந்தால் இந்த டா, டி அதில் எங்கேயும் இருக்காது.

அழைப்பில் என்ன இருக்கிறது என்பதை அவர் கல்லூரியில் கற்கவில்லை, ஊரில் கற்றார். விருதுநகரிலிருந்து காரியாபட்டிப் பக்கம் போகிற வழியில் இருக்கும் பேரூராட்சி மல்லாங்கிணறு. வானம் பார்த்த பூமி. பருத்தியும் மிளகாயும் மல்லியும், மழை பொய்த்தால் சீமைக்கருவேலமும். அருப்புக்கோட்டை, திருச்சுழி வரை நீளும் அந்தக் கரிசல் பேச்சில் மரியாதைக்குரியவர் ஆணானாலும் பெண்ணானாலும் ‘அவுக’தான். அவுக வந்தாக, அவுக சொன்னாக. கேட்க அவ்வளவு இதமாக இருக்கும். ஆனால் அந்த ‘அவுக’ எல்லாருக்கும் கிடைத்ததில்லை. தாத்தா வயதுக்காரர் ஒருவர் களத்துமேட்டில் வந்து நின்றால், அவருடைய சாதியைப் பார்த்து, பத்து வயதுப் பையன் ‘அவன் வந்திருக்கான்’ என்று வீட்டுக்குள் குரல் கொடுப்பதை ஆசிரியை சிறுவயதில் பார்த்திருக்கிறார். வந்தவர் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு ‘வந்திருக்கேன் சாமி’ என்பார்.

ஆகவே சுட்டுப்பெயருக்கான போராட்டம் தமிழருக்கு வெளிநாட்டிலிருந்து வந்த சரக்கு என்று யாராவது சொன்னால் அவருக்குக் கோபம் வந்துவிடும். ‘அவன்’ என்பதை ‘அவர்’ ஆக்கவும், ‘வாடா’ என்பதை ‘வாங்க’ ஆக்கவும் இந்த மண்ணில் எத்தனை பேர் அடிபட்டிருக்கிறார்கள்! தூத்துக்குடி மாவட்டத்துக்காரரான செயற்பாட்டாளர் கிரேஸ் பானு, தலித் என்பதற்கும் திருநங்கை என்பதற்கும் சேர்த்தே ஒதுக்கப்பட்டதைத் தொடர்ந்து பேசிவருகிறார். அவர் பேச்சைக் கேட்ட பிறகு ஆசிரியைக்கு இரண்டும் வெவ்வேறு வழக்குகளாகத் தோன்றவில்லை.

முதலில் அவர் செய்த மாற்றம் சின்னது. பதினெட்டு வயதானவர்கள், ஓட்டுப் போடுகிறவர்கள். ஆகவே வகுப்பில் எல்லாருக்கும் ‘ங்க’. ‘வாங்க, உட்காருங்க, நீங்க சொல்லுங்க.’ டா, டி, தம்பி, பாப்பா எல்லாம் நின்றுபோயின. ஆண்களை முதலில் கூப்பிட்டு முடித்துவிட்டுப் பெண்களைக் கூப்பிடும் வரிசையும் போனது, அகரவரிசைதான். ஆசிரியர் அறையில் பேச்சு கிளம்பியது. பிள்ளைகளுக்கு ‘ங்க’ போட்டால் ஒழுங்கு கெட்டுவிடும் என்றார் ஒருவர். ‘டா’ போட்டால்தான் நெருக்கம் வரும் என்றார் இன்னொருவர். நெருக்கம் என்ற வாதத்தில் கொஞ்சம் உண்மை இருப்பதை அவர் மறுக்கவில்லை. ஆனால் அந்த நெருக்கத்தைக் கேட்காமலே எடுத்துக்கொள்வது எப்போதும் மேலே இருப்பவர்தான். மாணவர் ஆசிரியரை ‘டா’ போட்டு நெருங்க முடியாதே!

ஒழுங்கு கெடவில்லை. செமஸ்டர் பாதியில், வகுப்பில் அதிகம் வாய் திறக்காத மாணவர் ஒருவர் வராந்தாவில் நின்று சொன்னார்: “அம்மா, எங்கப்பாவ எங்க ஊர்ல யாரும் வாங்கன்னு சொன்னதில்ல. என்னய நீங்க சொல்றீங்க.” அவ்வளவுதான், போய்விட்டார். திருநர் பிள்ளைகளை மனதில் வைத்துத் தொடங்கிய பழக்கம் முதலில் போய்ச் சேர்ந்த இடம் அது.

அடுத்தது துண்டுச்சீட்டு. ஆண்டின் முதல் வாரத்தில் எல்லாருக்கும் ஒரு தாள் கொடுப்பார். வகுப்பில் எழுத வேண்டியதில்லை. வீட்டில் எழுதி, மடித்து, தமிழ்த்துறை மேசையில் இருக்கும் பெட்டியில் போட்டுவிடலாம். போடாமலும் விடலாம். கேள்விகள் இரண்டு. உங்களை எப்படிக் கூப்பிடணும்? அப்படி எங்கெங்கே கூப்பிடலாம்: வகுப்பில், ஆசிரியர் அறையில், வீட்டாரிடம் பேசும்போது?

இரண்டாவது கேள்விதான் உயிர் என்பார் அவர். வகுப்பில் ‘அவள்’ என்று அழைக்கச் சொல்லும் ஒரு பிள்ளையைப் பற்றி, பெற்றோர் கூட்டத்தில் அப்பாவிடம் வாய்தவறி ‘உங்க பொண்ணு’ என்றுவிட்டால், அன்று இரவு அந்த வீட்டில் என்ன நடக்கும் என்பதற்கு எந்த ஆசிரியரும் பொறுப்பேற்க முடியாது.

பெரும்பாலான சீட்டுகளில் வருவது சாதாரண விஷயங்கள். முழுப்பெயர் நீளம், சுருக்கிக் கூப்பிடுங்கள். குலசாமி பெயரைச் சொன்னால் சிரிக்கிறார்கள், பின்பாதியை மட்டும் கூப்பிடுங்கள். அப்பா பெயரைச் சேர்க்காதீர்கள், அவர் எங்களோடு இல்லை. இந்தச் சீட்டுகளுக்கு நடுவேதான், எப்போதாவது, அந்த இன்னொரு சீட்டும் வரும். எல்லாரும் எழுதுவதால் அது தனியாகத் தெரியாது.

அப்படி ஒரு சீட்டில், பதிவேட்டில் ஆண்பெயரோடு இருந்த பிள்ளை தன் புதுப்பெயரை எழுதியிருந்தார். இரண்டாவது கேள்விக்கு ‘உங்களிடம் மட்டும்’ என்று பதில். ஆசிரியை அந்த வகுப்பு முழுவதற்கும் வரிசை எண் சொல்லிக் கூப்பிடத் தொடங்கினார். அந்தப் பிள்ளைக்கு மட்டும் எண் சொன்னால் அதுவே அடையாளமாகிவிடும். பதிவேட்டின் ஓரத்தில் புதுப்பெயரைப் பென்சிலால்கூட எழுதவில்லை. பதிவேடு அலுவலகத்துக்குப் போகும், துறைத்தலைவர் மேசைக்குப் போகும், பல கைகள் புரட்டும்.

மாதக்கணக்கில் இப்படியே போனது. அறையில் பேசும்போது ‘சொல்லுங்க, வாங்க’ என்றே பேசினார். ஒருநாள் அந்தப் பிள்ளை கேட்டார்: “நீங்க எல்லாரையும்தாம்மா வாங்கங்கிறீங்க. என்னய வாம்மான்னு கூப்பிடுங்களேன்.”

இந்த இடத்தில்தான் ‘எல்லாருக்கும் அவர், எல்லாருக்கும் ங்க’ என்ற எளிய தீர்வு போதாமல் போகிறது. பொதுச்சொல் மரியாதையானது, பாதுகாப்பானது. ஆனால் வாழ்நாள் முழுக்கத் தன்னைப் பெண்ணாக அறிந்த ஒருவருக்கு, அந்தப் பெண்மையை வாய்விட்டுச் சொல்லும் ஓர் அழைப்பு தேவைப்படுகிறது. ‘வாம்மா’, ‘தங்கச்சி’, ‘அக்கா’. ஆணா பெண்ணா என்ற வரையறைக்குள் அடங்காத இன்னொரு பிள்ளைக்கோ அதே ‘வாம்மா’ முள்ளாகக் குத்தும். அவருக்கு ‘அவர்’தான் வேண்டும். ஆகவே ஒரே விதியை எழுதிச் சுவரில் ஒட்ட முடியாது. அவரவரிடம் கேட்க வேண்டும்.

இளங்கலைத் தமிழ் வகுப்பில் நன்னூல் நடத்தும்போது அவருக்கு இதைப் பேச ஒரு வாய்ப்பு கிடைக்கிறது. பதின்மூன்றாம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் எழுதிய அந்த இலக்கணம், பேடு என்று அன்று அழைக்கப்பட்டவர்களுக்கு எந்தப் பால் விகுதி சேரும் என்று சொல்கிறது. பெண்மையை விட்டு ஆண்மையை விரும்புவோருக்கு ஆண்பால், ஆண்மையை விட்டுப் பெண்மையை விரும்புவோருக்குப் பெண்பால் என்பது அதன் முடிவு. பிறந்த உடலை அது அளவுகோலாக வைக்கவில்லை, விருப்பத்தை வைத்தது. இதைச் சொல்லும்போது வகுப்பு நிமிர்ந்து உட்காரும். ஆனால் அதே நூற்பா, இவ்விரு வகையினரையும் அஃறிணையாகவும் சொல்லலாம் என்று முடிகிறது. அதையும் அவர் மறைக்காமல் நடத்துகிறார். பேருந்து நிலையத்தில் ‘அது வருது பாரு’ என்று கேலி பேசுகிறவர்களின் நாக்கில் இருக்கும் அந்த ‘அது’வுக்கும் எழுத்தில் ஒரு வரலாறு உண்டு என்பதை மாணவர்கள் அறிந்துகொள்ள வேண்டும் என்பது அவர் எண்ணம்.

‘அது’வுக்கு இன்னொரு முகமும் இருக்கிறது. ‘வாம்மா’ என்று கூப்பிடக் கேட்ட அந்த மாணவியின் தகப்பனார் ஒருமுறை கட்டண விஷயமாகத் திருச்சுழிப் பக்கத்திலிருந்து வந்திருந்தார். வெயிலில் வந்த மனிதருக்குத் தண்ணீர் கொடுத்து, “வாங்கண்ணே, உட்காருங்க” என்றார் ஆசிரியை. “எம் பய எப்பிடிப் படிக்கிறான்?” என்று அவர் கேட்டார். வீட்டில் எதுவும் தெரியாது. ‘அவன்’ என்று சொன்னால் மாணவிக்குக் கொடுத்த வாக்கு போகும். ‘அவள்’ என்றால் மாணவியின் வீடே போகும். “பிள்ளை நல்லாப் படிக்குதுண்ணே. தமிழ்ல முதல் மார்க்கு. மேல படிக்க வைங்க” என்றார். தெற்குச் சீமையில் பிள்ளை படிக்கும், பிள்ளை சாப்பிடும், பிள்ளை தூங்கும். அன்பு மிகும்போது விகுதி தானாக அஃறிணைக்குப் போய்விடும். தகப்பனாருக்கு அதில் வித்தியாசமாக எதுவும் படவில்லை. ‘பிள்ளை படிக்குதுல்ல, அது போதும்’ என்று எழுந்து போனார். தெருவில் கல்லாக விழும் அதே விகுதி, தகப்பன் வாயில் தாலாட்டாகிறது.

வாயால் கூப்பிடுவது இவ்வளவு. காகிதம் வேறு உலகம். அடையாள அட்டை, ஹால் டிக்கெட், மாற்றுச் சான்றிதழ், உதவித்தொகைப் படிவம், பஸ் பாஸ்: எல்லாவற்றிலும் பழைய பெயர்தான் கூப்பிட்டுக்கொண்டே இருக்கும். தேர்வு அறையில் ஹால் டிக்கெட்டையும் முகத்தையும் மாறி மாறிப் பார்க்கும் கண்காணிப்பாளர் முன்னால், சுற்றிலும் உள்ளவர்கள் எழுதுவதை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்க்க, நின்று விளக்கம் சொல்லிப் பார்த்தவர்களுக்குத்தான் அந்தச் சிறுமை தெரியும்.

சட்டம் இதில் பின்தங்கியிருக்கிறது என்று சொல்ல முடியாது. திருநங்கையருக்கென நலவாரியம் அமைத்த முதல் மாநிலம் தமிழ்நாடு, ஆண்டு 2008. 2014 ஏப்ரல் 15-ல், தேசியச் சட்டப் பணிகள் ஆணையம் தொடுத்த நல்சா வழக்கில் உச்ச நீதிமன்றம், தன் பாலினத்தைத் தானே தீர்மானித்துச் சொல்லும் உரிமையை ஒப்புக்கொண்டது. 2019 ஏப்ரலில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில் நீதிபதி ஜி.ஆர்.சுவாமிநாதன், இந்துத் திருமணச் சட்டத்தில் வரும் ‘மணமகள்’ என்ற சொல் திருநங்கையையும் குறிக்கும் என்றார். ஆசிரியைக்கு மிகவும் கைகொடுத்தது, அதே உயர் நீதிமன்றத்தின் நீதிபதி என்.ஆனந்த் வெங்கடேஷ் 2021 ஜூன் 7-ல் சுஷ்மா வழக்கில் பிறப்பித்த உத்தரவு. கல்வி நிறுவனங்களில் பாலினப் பொதுக் கழிப்பறை, சான்றிதழ்களில் பெயரும் பாலினமும் மாற்ற வழி, விண்ணப்பங்களில் திருநருக்கும் இடம், புரிதலுள்ள ஆலோசகர் என்று அதில் வரிசையாகச் சொல்லப்பட்டிருக்கிறது. அந்த வழக்கின் தொடர்ச்சியாக, கண்ணியமான தமிழ்ச் சொற்களின் பட்டியல் ஒன்றைத் தமிழ்நாடு அரசு 2022-ல் அரசிதழில் வெளியிட்டது. திருநர், திருநங்கை, திருநம்பி, ஊடுபால் போன்ற சொற்களுக்கு அதிகாரபூர்வமான இடம் கிடைத்தது. அந்தப் பட்டியலின் நகலை அவர் தமிழ்த்துறை அறிவிப்புப் பலகையில் குத்திவைத்தார். ஊர்க்காரர் என்ற வகையில் அவருக்குக் கூடுதல் மகிழ்ச்சி தந்த நாள் ஒன்றும் உண்டு. 2024 பிப்ரவரி 19-ல், மல்லாங்கிணற்றுக்காரரான நிதியமைச்சர் தங்கம் தென்னரசு தம் நிதிநிலை அறிக்கையில், உயர்கல்வி படிக்க விரும்பும் திருநர் மாணவர்களின் கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே ஏற்கும் என்று அறிவித்தார்.

உத்தரவு இருப்பது ஒன்று, அலுவலக ஜன்னலில் அது நடப்பது வேறொன்று. அந்த மாணவி வீட்டில் சொல்லிவிட்ட பிறகு (மாமா ஒருவர் துணை நின்றார், அதற்கு மேல் எழுதுவது முறையல்ல) பெயர் மாற்றும் வேலை தொடங்கியது. திருநர் உரிமைப் பாதுகாப்புக்கான 2020 விதிகளின்படி மாவட்ட ஆட்சியரிடம் அடையாளச் சான்றிதழ், பிறகு அரசிதழில் பெயர்மாற்ற அறிவிப்பு, அதைக் காட்டி ஆதார். கல்லூரி அலுவலகம் பத்தாம் வகுப்புச் சான்றிதழில் இருக்கும் பெயர்தான் செல்லும் என்றது. அலுவலகத்தைக் குறைசொல்ல அவருக்கு மனமில்லை. அவர்கள் கையில் இருக்கும் மென்பொருள் அப்படி. பள்ளிச் சான்றிதழில் மாற்றம் கேட்டு எழுத வேண்டிய விண்ணப்பத்தையும் கல்லூரியின் இணைப்புக் கடிதத்தையும் அவரே உட்கார்ந்து எழுதினார். அதுவரை அடையாள அட்டையில் புதுப்பெயரை அச்சிடத் தடையில்லை என்று முதல்வர் ஒப்புக்கொண்டார். அட்டை கைக்கு வந்த அன்று முதல் வகுப்பிலும் அந்தப் பெயர்தான். மாணவர்களில் ஒருவர்கூடத் திரும்பிப் பார்க்கவில்லை. அவர்களுக்கு ஏற்கெனவே தெரிந்திருந்தது.

தமிழ்த்துறை நூலகத்தில் ஓர் அடுக்கை அவர் திருநர் எழுதிய புத்தகங்களுக்கென்றே ஒதுக்கியிருக்கிறார். ரேவதியின் ‘உணர்வும் உருவமும்’, ‘வெள்ளை மொழி’. லிவிங் ஸ்மைல் வித்யாவின் ‘நான், வித்யா’. வித்யா தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தில் மொழியியல் முதுகலை படித்தவர் என்பதை வகுப்பில் தவறாமல் சொல்வார். தமிழ் படித்து, தமிழில் தன் கதையைத் தானே எழுதிய ஒருவர் இருக்கிறார் என்பது பின்வரிசையில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைக்குத் தெரிய வேண்டும். அந்த அடுக்கிலிருந்து யார் எந்தப் புத்தகத்தை எடுத்தார்கள் என்ற குறிப்பேடு கிடையாது. எடுத்துப் போய்ப் படித்துவிட்டு வைத்துவிட வேண்டியதுதான்.

துண்டுச்சீட்டு இப்போது வணிகவியல் துறைக்கும் போயிருக்கிறது. அங்கே கேள்வியைக் கொஞ்சம் மாற்றிக் கணினிப் படிவமாக்கப் பார்த்தார்கள். பதில்கள் ஒரே பட்டியலாகச் சேர்ந்து யார் கண்ணிலும் படும் என்று எடுத்துச்சொல்லி, காகிதத்தையே வைத்துக்கொள்ளச் செய்தார்.

முடியாமல் நிற்பது விடுதி. கட்டணத்தை அரசு கொடுக்கும். ஆனால் ஆண்கள் விடுதியா, பெண்கள் விடுதியா? ஐதராபாத் நல்சார் சட்டப் பல்கலைக்கழகம் 2022-ல் விடுதியில் ஒரு தளத்தைப் பாலினப் பொதுத்தளமாக ஒதுக்கியது. இந்தக் கல்லூரியில் இரண்டே கட்டடங்கள்தான். மாணவி தினமும் விடிகாலையில் பேருந்து பிடித்து வருகிறார்; இருட்டிய பிறகு ஊர் திரும்புகிறார். பெண்கள் விடுதியில் காப்பாளர் குடியிருப்பை ஒட்டி இரண்டு அறைகள் சாமான் போட்டுக் கிடக்கின்றன. அவற்றைக் காலிசெய்து, தனிக் குளியலறை கட்டித் தர வேண்டும் என்று ஆசிரியை விடுதிக் குழுவுக்கு எழுதியிருக்கிறார். விடுதி மாணவிகளில் நாற்பதுக்கும் மேற்பட்டோர் அந்தக் கடிதத்தில் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள். குழு அடுத்த மாதம் கூடுகிறது.